பெயர்ப்பலகைக் கடைக்கு மாற்றுக் கருவிகள்: எதை வாங்கி வைப்பது, எப்படி வைத்திருப்பது

சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டி எங்கள் கடைக்கு வரும் வேலைகள் ஏறத்தாழ ஒரே வாரத்தில் வந்து குவிந்துவிடும். அன்னதானப் பந்தலுக்கான பலகை, உபயதாரர் பெயர்கள், வண்டிகளில் ஒட்டும் ரேடியம் எழுத்துகள் என்று இரவு பகலாக வெட்டிக்கொண்டிருந்த ஓர் ஆடியில், ஒட்டும் வினைல் தாளில் எழுத்துகளை வெட்டித் தரும் பிளாட்டரின் சிறுதிரை இருண்டு, இயந்திரம் அப்படியே நின்றுவிட்டது. நான் அப்போது பெரிதாகக் கலங்கவில்லை. தொழிலை விட்டுவிட்டு ஊருக்குப் போன ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கிய இன்னொரு பிளாட்டர் துணி சுற்றிப் பரணில் இருந்தது. அதை இறக்கிய பிறகுதான் மின்கம்பி இருக்கிறது, கணினியோடு இணைக்கும் சீரியல் கேபிள் இல்லை என்பது தெரிந்தது. கேபிளை வாங்கி வந்தபோது புதிய கணினியில் அதைச் செருகும் இடமே இல்லை. அதற்கான யூஎஸ்பி மாற்றியை வாங்கி வந்தபோது டிரைவர் மென்பொருள் ஏற மறுத்தது. எல்லாம் கூடி இரவு ஒன்பதரை மணிக்கு இயந்திரம் ஓடத் தொடங்கியபோது, மூன்று ஆண்டுகள் அழுத்தப்பட்ட நிலையிலேயே கிடந்த ரப்பர் உருளைகள் ஒரு பக்கம் தட்டையாகியிருந்ததால், தாள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை குதித்தது. ‘அருள்மிகு’ என்னும் சொல்லில் ‘ரு’வின் கால் ஒவ்வொரு பிரதியிலும் ஒரே இடத்தில் முறிந்து நின்றது.

அந்த இரவுக்குப் பிறகு நான் கடைப்பிடித்துவரும் முறையை இங்கே எழுதுகிறேன். கடை என்று நான் சொல்வது, இரண்டு மூன்று பேர் வேலை செய்கிற, ஒரு வினைல் பிளாட்டர், சிறிய லேசர் வெட்டு இயந்திரம், கணினி சொன்னபடி பலகையைக் குடைந்து வெட்டும் ஒரு சி.என்.சி. ரவுட்டர், பலகை பொருத்துவதற்கான கைக்கருவிகள் ஆகியவற்றை வைத்திருக்கிற, ஃபிளெக்ஸ் அச்சை வெளியே கொடுத்து வாங்குகிற கடையைத்தான். இத்தகைய கடைக்கு எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கும் முதல் இருக்காது. இருந்தாலும் வைப்பதற்கு இடம் இருக்காது. எதற்கு முழு இயந்திரமே மாற்றாக வேண்டும், எதற்கு உதிரிப் பாகம் போதும், எதற்கு இன்னொரு கடைக்காரரின் தொலைபேசி எண் போதும் என்று பிரித்துக்கொள்வதுதான் முதல் வேலை.

எதை எந்த வகையில் சேர்ப்பது

இதற்கு நான் ஒவ்வொரு பொருளையும் மூன்று கேள்விகளால் சோதிக்கிறேன். அது எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கெடுகிறது? கெட்டால் அதற்கான பாகம் எந்த ஊரில் கிடைக்கும்? அது வரும்வரை அந்த வேலையை வேறு வழியில் முடிக்க முடியுமா? சேலத்தில் இருப்பவர்களுக்கு இரண்டாவது கேள்வியில் ஒரு வசதி உண்டு. கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை மூன்றுக்கும் இங்கிருந்து நேர்ச்சாலையும் இரவு பார்சல் வண்டிகளும் இருப்பதால், அங்கே இருப்பில் உள்ள பாகம் பெரும்பாலும் மறுநாள் காலை கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த வசதியை நம்பியே இருந்தவர்களுக்குச் சனிக்கிழமை மாலையில் கெட்ட இயந்திரம் செவ்வாய்க்கிழமைவரை நிற்கும் அனுபவமும் இருக்கும். ஆகவே, பார்சலில் மறுநாள் வரக்கூடியதும் விலை மிகுந்ததுமான பாகங்களை நான் வாங்கி வைப்பதில்லை. அவை இருக்கும் இரண்டு கடைகளின் எண்ணையும் பாகத்தின் சரியான பெயரையும் அளவையும் மட்டும் எழுதி வைக்கிறேன். விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கி, அது இல்லாவிட்டால் கடையே நின்றுவிடும் என்ற பொருள் எதுவாயினும் அதைக் கடையிலேயே வைத்திருக்கிறேன். வெட்டும் கத்தி, சிறு பியூஸ், யூஎஸ்பி கேபிள் ஆகியவை இரண்டாம் வகையின் தலைமக்கள்.

பிளாட்டர்

எங்களைப் போன்ற கடைக்கு முழு இயந்திரமே மாற்றாக இருக்க வேண்டிய பொருள் பிளாட்டர் ஒன்றுதான் என்பது என் முடிவு. நாள்தோறும் சில்லறையாக வரும் வருமானத்தின் பெரும்பகுதி அதன் வழியாகவே வருகிறது; அது நின்றால் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிற வாடிக்கையாளரை மறுநாள் வரச் சொல்ல முடியாது. புதிய பிளாட்டர் வாங்கும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கிடைக்கும் தொகை சொற்பமாகவே இருக்கும். பழையது ஓடும் நிலையில் இருந்தால் அதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. கூடுமானால் இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். அப்போது கத்தி, கத்திப்பிடி, பெல்ட், உருளை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஓடும் இயந்திரத்தில் ஏதேனும் பழுதானால் கை தானாகவே பரணை நோக்கிப் போகும். மாற்று இயந்திரத்திலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தை நிரப்ப மறந்துவிடுவோம். கழற்றிய அன்றே புதிய பாகத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

உதிரிகளில் முதலிடம் கத்திக்கு. சாதாரண வினைலுக்கு 45 பாகைக் கத்தியும், தடித்த ரேடியம் தாளுக்கு 60 பாகைக் கத்தியும் தேவைப்படும். இரண்டிலும் பிரிக்காத கத்தி குறைந்தது மூன்று எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். கத்தி மழுங்கியதை எப்படி அறிவது என்று புதிய பையன்கள் கேட்பார்கள். ஆங்கில எழுத்தை வெட்டும் கடைக்காரருக்கு அது சற்றுத் தாமதமாகத் தெரியலாம். தமிழ் எழுத்தை வெட்டுகிற நமக்கு உடனே தெரியும். நம் எழுத்துகளில் சுழியும் புள்ளியும் மிகுதி. கழிவுத் தாளை உரிக்கும்போது ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் சிறு துண்டு ஒட்டுமொத்தமாக எழுத்தையும் சேர்த்துக்கொண்டு எழும்பும். ‘சேலம்’ என்று ஓரங்குல உயரத்தில் வெட்டி உரித்துப் பார்த்தால், ‘ம்’ மேலுள்ள புள்ளி கழிவோடு போய் ‘சேலம’ என்று நிற்கும். இதைச் சோதனைச் சொல்லாகவே வைத்துக்கொள்ளலாம்: புதிய கத்தியைப் போட்டதும் ஒரு முறை, மாதத்துக்கு ஒரு முறை அந்த ஒரு சொல்லை வெட்டி, உரித்து, குறிப்பேட்டில் ஒட்டித் தேதியை எழுதிவிடுங்கள். நான்கைந்து மாதத் துண்டுகளை வரிசையாகப் பார்க்கும்போது, கத்தி எப்போது தளரத் தொடங்கியது என்பது கண்ணுக்கே தெரியும்.

ஆனால் எல்லாக் குற்றத்தையும் கத்தியின் மேல் போட்டுவிடக் கூடாது. கத்திக்குக் கீழே, தாள் நகரும் தடத்தில் ஒட்டியிருக்கும் வெண்மையான பட்டையில் ஆண்டுக்கணக்கில் கோடு விழுந்திருந்தால், புதிய கத்தியும் அந்தக் குழியில் இறங்கும்போது சரியாக வெட்டாது. விரல் நகத்தைப் பட்டையின் குறுக்கே இழுத்துப் பாருங்கள்; நகம் தட்டினால் பட்டையை மாற்ற வேண்டும். இந்தப் பட்டையை நம்மில் பலர் இயந்திரத்தின் ஆயுள் முழுவதும் மாற்றுவதே இல்லை. ஒரு நீளத்தை வாங்கிச் சுருட்டாமல், நேராக ஒரு குழாயினுள் வைத்திருப்பது போதும்.

மாற்றுப் பிளாட்டரை வைக்கும் விதத்தைப் பொறுத்தவரை, உருளைகளை அழுத்தும் நெம்புகோலை உயர்த்திய நிலையில் வைக்க வேண்டும் என்பதை என் ஆடி மாத இரவு எனக்குக் கற்பித்தது. கத்தியைக் கழற்றி மூடியிட்டு வைக்க வேண்டும். மின்கம்பி, கணினிக் கேபிள், கத்திப்பிடி மூன்றையும் ஒரு துணிப்பையில் போட்டு இயந்திரத்தின் காலிலேயே கட்டிவிட வேண்டும். ‘வேறு வேலைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்’ என்று யாரும் எடுத்துப் போகாதபடி அந்த முடிச்சு இறுக்கமாக இருக்கட்டும். கணினியில் அதற்கு எந்த காம் போர்ட் எண் (கணினி அந்த இணைப்புக்குத் தரும் எண்), என்ன பாட் ரேட் (தரவு போகும் வேகம்), கைகுலுக்கல் அமைப்பு (தரவை எப்போது அனுப்புவது, எப்போது நிறுத்துவது என்ற ஏற்பாடு) எது, எந்தக் கத்திக்கு எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம் என்பதை ஒரு தாளில் எழுதி, லேமினேட் செய்து, இயந்திரத்தின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். சீன இயந்திரங்கள் பலவற்றில் யூஎஸ்பி கேபிளை வேறொரு துளையில் செருகினாலே காம் எண் மாறிவிடும். இயந்திரம் கெட்டுவிட்டது என்று எண்ணி அரைநாள் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

லேசரும் ரவுட்டரும்

லேசரின் இதயம் கண்ணாடிக் குழாய் என்பதால், அதையே வாங்கி வைத்துவிடலாம் என்று தோன்றும். நான் அதைச் செய்வதில்லை. கார்பன் டை ஆக்சைடு கலவை அடைத்த அந்தக் குழாய் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் மெல்ல மெல்லத் திறன் இழக்கும். உத்தரவாதக் காலமும் பெட்டியிலேயே கழிந்துவிடும். குழாய் கெடுவதற்கு முன் பெரும்பாலும் அறிகுறி காட்டும். வழக்கமாக ஓடும் வேகத்தில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் முழுவதும் அறுபடாமல் அடியில் நூல்போல ஒட்டிக்கொண்டு நின்றால், முதலில் லென்ஸையும் கண்ணாடிகளையும் துடைத்துப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால், அந்த வாரமே குழாய்க்கு ஏற்பாடு செய்யுங்கள். இருப்பில் வைக்க வேண்டியவை ஒரு லென்ஸும் ஒரு கண்ணாடியுமே. லென்ஸ் துத்தநாக செலினைடால் ஆனது. உடைந்தால் அதன் துகளை வெறுங்கையால் தொடக் கூடாது.

லேசரைப் பொறுத்தவரை நம் ஊருக்கே உரிய சிக்கல் வெயில். குழாயைக் குளிர்விக்கும் நீர் 15 முதல் 25 பாகை செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது. விலை குறைவு என்று பலர் வாங்கும் சிடபிள்யூ-3000 வகைக் குளிர்விப்பானில் கம்பிரஸர் கிடையாது; அது விசிறியால் வெப்பத்தை வெளியேற்றுவது மட்டுமே. அறையின் வெப்பத்துக்குக் கீழே நீரை அதனால் இறக்க முடியாது. சித்திரை, வைகாசியில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நண்பகலில் அதை நம்பி லேசரை ஓட்டுவது, குழாயின் ஆயுளைக் கையால் கிள்ளிப் போடுவதற்குச் சமம். கம்பிரஸர் உள்ள 5000 அல்லது 5200 வகையே இங்கே பொருந்தும். அதுவும் நின்றுபோகும் நாளுக்காக, சிறிய நீர்மூழ்கி பம்பு ஒன்றும், மூடி போட்ட பெரிய வாளியும், இருபது லிட்டர் வாலைவடிநீரும் வைத்திருக்கிறேன். உறைய வைத்த தண்ணீர்ப் பாட்டில்களை மூடியோடு வாளியில் மிதக்க விட்டால், அவசர வேலையை முடித்துக்கொள்ளலாம். நீர் ஓடுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே லேசரை இயக்க வேண்டும்; நீர் ஓடாவிட்டால் குழாய் சூடேறி வெடித்துவிடும்.

லேசர் நின்றால் ரவுட்டர் அதன் அக்ரிலிக் வேலையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மறுபக்கம் அப்படி இல்லை. ரவுட்டர் நின்றுவிட்டதே என்று சன்போர்டையோ வினைலையோ லேசரில் போடக் கூடாது. அவை பிவிசி, எரியும்போது வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு ஆளின் மூச்சையும் கெடுக்கும், இயந்திரத்தின் தண்டவாளங்களையும் துருவேற்றும். சன்போர்டுக்கான உண்மையான மாற்று, கூரிய கத்தியும் இரும்பு அளவுகோலும் பொறுமையும்தான்.

ரவுட்டருக்கு அடிக்கடி தேவைப்படுவது வெட்டும் பிட்டும், அதைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டும். அக்ரிலிக்குக்கான ஒற்றை அலகு பிட், ஏசிபி (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த தாள்) மடிப்புக்கான 90 பாகை வி-பிட் ஆகியவற்றில் இரண்டிரண்டு வையுங்கள். பிட் மாறிக்கொண்டே இருப்பதை அனைவரும் அறிவார்கள். காலெட்டும் தேயும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. தேய்ந்த காலெட் பிட்டை மெல்லக் கீழே நழுவ விடும். ஏசிபி தாளில் மடிப்புக்காக விட்டுவைக்க வேண்டிய மெல்லிய அலுமினியத் தகடு ஒரு முனையில் சரியாக இருந்து, மறுமுனையில் அறுபட்டுவிட்டால், மென்பொருளைத் திட்டுவதற்கு முன் காலெட்டைப் பாருங்கள்.

இன்னும் முக்கியமான ஒன்று கணினி. பழைய ரவுட்டர்கள் பலவற்றின் கட்டுப்பாட்டு அட்டை பிசிஐ துளையில் அமரும். வேறு சில பேரலல் போர்ட்டை எதிர்பார்க்கும். இன்று விற்கும் கணினிகளில் இவ்விரண்டையும் காண்பது அரிது. பழைய கணினிகளைக் கழிவு விலைக்கு விற்கும் இடத்தில், அந்தத் துளை உள்ள ஒரு பெட்டியைப் பார்த்தால் வாங்கி வைத்துவிடுங்கள். அதில் மென்பொருளை ஏற்றி, இயந்திரத்தின் அளவுக் கோப்பைப் படி எடுத்து, ரவுட்டர் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி.யின் அமைப்பு எண்களைத் திரையிலிருந்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அச்சிட்டு வைத்தால், முப்பதாயிரம் ரூபாய்ப் பாகம் வாங்கி வைத்ததைவிடப் பயன் மிகுதி.

ஃபிளெக்ஸ் அச்சு

இதற்கு மாற்று இயந்திரம் வேண்டாம். சால்வென்ட் மை ஓடாமல் நின்றால் அச்சுத் தலையின் நுண்துளைகளில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். இரண்டாவது அச்சு இயந்திரத்தை உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால் அதில் நாள்தோறும் சிறிதளவு மையை வீணாக்கியே தீர வேண்டும். இரண்டு அச்சுக் கடைகளோடு பழக்கம் வைத்துக்கொண்டு, ஒரே கோப்பை இரண்டு இடத்திலும் அச்சிட்ட வண்ணத் துண்டுகளைச் சுவரில் மாட்டி வையுங்கள். ஒரு கடையின் குங்குமச் சிவப்பு மற்றொரு கடையில் செங்கல் நிறமாக வரும். வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டு மாற்றுவது ஒரு வகை, ஒட்டிய பிறகு அவர் கண்டுபிடிப்பது வேறு வகை.

விளக்குப் பலகைகளின் எஸ்எம்பிஎஸ்

எல்இடி எழுத்துப் பலகை எரியவில்லை என்று வரும் அழைப்புகளில், என் அனுபவத்தில், பாதிக்கு மேல், 230 வோல்ட் மின்சாரத்தைப் பலகைக்கு ஏற்ற குறைந்த வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் பழுதுதான். 12 வோல்ட், 33 ஆம்பியர் கொண்ட 400 வாட் பெட்டி இரண்டு எப்போதும் இருக்க வேண்டும். அதில் 320 வாட்டுக்கு மேல் சுமையேற்றாதீர்கள், 1.2 வாட் எல்இடி மாட்யூல் என்றால் ஏறத்தாழ 260 வரை போடலாம். வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் இருப்பதானால் இன்னும் குறையுங்கள். ஓடும் எழுத்துப் பலகைக்கான பி10 பெட்டிகள் 5 வோல்ட் கேட்பவை. இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். அவசரத்தில் 12 வோல்ட்டைக் கொடுத்துப் பலகை முழுவதையும் கருக்கியவர்கள் உண்டு. எங்கள் கடையில் 12 வோல்ட் பெட்டிக்கு மஞ்சள் வினைலும், 5 வோல்ட் பெட்டிக்குச் சிவப்பு வினைலும் ஒட்டிவிடுகிறோம். மற்றொன்றையும் வாங்கிய அன்றே பார்த்துவிடுங்கள்: பல பெட்டிகளின் பக்கவாட்டில் துளைக்குள் ஒரு சிறிய சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அது 110 பக்கம் தள்ளியிருக்கும் நிலையில் நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால், வெடிச் சத்தத்தோடு பெட்டியின் கதை முடியும்.

கணினி, கோப்பு, எழுத்துரு

இயந்திரம் கெட்டால் பாகம் வாங்கலாம். எட்டு ஆண்டு வாடிக்கையாளர் கோப்புகள் போனால் எந்தப் பார்சலிலும் வராது. மூன்று படிகள், அவற்றில் இரண்டு வெவ்வேறு வட்டுகளில், ஒன்று கடைக்கு வெளியே என்பது கணினித் துறையினர் சொல்லும் முறை. நான் வெளியே வைக்கும் வட்டை வீட்டுப் பீரோவில் வைக்கிறேன். பென் டிரைவைக் காப்புப் படியாகக் கருதக் கூடாது. அது நாலு கை மாறும் பொருள்.

தமிழ்க் கடைகளுக்கு இதில் தனித் தொல்லை ஒன்று உண்டு. நம் பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற பல குறியேற்றங்களில் தட்டியவை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் முறைகளில் தட்டியவையும் இருக்கும். மாற்றுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால், ‘ஸ்ரீ மாரியம்மன் துணை’ என்பது ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். இன்னொரு கடைக்கு அனுப்பினாலும் அதே கதைதான். ஆகவே ஒவ்வொரு வேலையையும் இரண்டு கோப்புகளாகச் சேமிக்க வேண்டும்: ஒன்று, பிற்பாடு திருத்தக்கூடிய எழுத்துக் கோப்பு, மற்றொன்று, வரைகலை மென்பொருளான கோரல் டிராவில் எல்லா எழுத்தையும் கன்ட்ரோல்-கியூ அழுத்திக் கர்வாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக, மாற்றிய கோப்பு. இரண்டாவதைக் கோரல் டிராவின் பழைய பதிப்புக்கு இறக்கிச் சேமியுங்கள். புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது; மாற்றுக் கணினியில் இருப்பது பெரும்பாலும் பழைய பதிப்பாகவே இருக்கும். அந்தப் பழைய பதிப்புகளில் யூனிகோடு தமிழை நேரடியாகத் தட்டினால் கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிற்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் எழுத்துருக்கள் அனைத்தையும் ஒரே கோப்புறையில் சேர்த்து, மாற்றுக் கணினியில் இன்றே நிறுவிவிடுங்கள்.

மென்பொருளுக்கான டாங்கிள் பூட்டு (செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும் சிறு யூஎஸ்பி துண்டு) உங்களிடம் இருந்தால், அதைக் கணினியின் முன்பக்கம் செருகாதீர்கள். துடைப்பம் பட்டு முறிந்த டாங்கிள் ஒன்று என் மேசை இழுப்பறையில் இன்றும் கிடக்கிறது.

மின்சாரம்

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் பிற்பகல் இரண்டுக்கோ ஐந்துக்கோ வரும். கணினியும் திரையும் பிளாட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 300 வாட்டுக்குள் அடங்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றோடு கூடிய சைன் வேவ் இன்வெர்ட்டரால், இழப்புகளைக் கழித்தாலும், மூன்றரை மணி நேரம் அவற்றை ஓட்டலாம். அதே இணைப்பில், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைச் செருகக் கூடாது. அது ஒன்றே 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும். லேசரையும் ரவுட்டரையும் ஓட்ட ஜெனரேட்டர் வேண்டும், அதற்கும் இயந்திரத்துக்கும் இடையே ஸ்டெபிலைசர் வேண்டும், மெயினுக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்சோவர் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். சேஞ்சோவர் இல்லாமல் ஜெனரேட்டரின் கம்பியைச் சுவர் பிளக்கில் செருகி ஓட்டினால், மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும்; கம்பத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் மின்வாரிய ஊழியரின் உயிருக்கே அது ஆபத்து. ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து ஓட்டக் கூடாது என்பதையும், சும்மா நிற்கும்போது கார்புரேட்டரில் பெட்ரோலைத் தேங்க விடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் மாலை இடி இறங்கும் நாட்களில், மழை வருவதற்கு முன்பே எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுவதைவிட மலிவான பாதுகாப்பு வேறு இல்லை.

பக்கத்துக் கடையும் தூரிகையும்

ஐந்து ரோட்டிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் நம்மைப் போன்ற கடைகள் இருக்கின்றன. போட்டியாளரைப் பார்த்து முகம் திருப்பிக்கொள்வதைவிட, ஒருவர் இயந்திரம் நின்றால் மற்றவர் வெட்டிக் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. தாள் யாருடையது, அடிக்கு எவ்வளவு, வீணானால் யார் கணக்கு, வாடிக்கையாளரை நேரடியாக அணுகுவதில்லை என்ற இந்த நான்கையும் நிதானமான ஒரு நாளில் பேசுங்கள். நெருக்கடி வந்த இரவில் பேசினால், அது பேரமாக முடியும்.

அந்த ஆடி இரவில் என்னைக் காப்பாற்றியது இவை எதுவும் அல்ல. குகைப் பகுதியில் பழைய போர்டு ஓவியர் ஒருவர் இருக்கிறார்; கடைகளுக்கும் லாரிகளுக்கும் நாற்பது ஆண்டுகள் எழுதியவர். இரவு பத்தரைக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். “சுண்ணாம்பு நூல் இருக்குதா தம்பி?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நூலில் சுண்ணாம்பைத் தேய்த்து, தகட்டின் இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு சுண்டு சுண்டினார், கோடு விழுந்தது. விடியற்காலை நான்கு மணிக்குள் ஆறு பலகைகளை எழுதி முடித்தார். அன்றிலிருந்து எங்கள் கடையில் எனாமல் பெயின்ட் நான்கு நிறங்களும், தட்டைத் தூரிகைகள் மூன்று அளவிலும், சுண்ணாம்பு நூலும் உண்டு. தூரிகையை டர்பன்டைனில் கழுவி, சிறிதளவு தேங்காயெண்ணெய் தடவி, மயிர் மடங்காதபடி படுக்கையாக வைக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதே.

ஏற்காட்டுக்குப் போகும் பை

சேலத்துக்குள் பலகை பொருத்தப் போனால், மறந்த ட்ரில் பிட்டை ஒரு பையன் பைக்கில் கொண்டு வந்து கொடுத்துவிடுவான். ஏற்காட்டில் ஒரு விடுதிக்குப் பலகை பொருத்தும்போது அதே பிட் மறந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி ஏற வேண்டும். போக வர அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. ஆகவே மலைக்கென்று தனிப் பை வைத்திருக்கிறேன். கடையில் ஒன்று போதும் என்ற பொருளும் அந்தப் பையில் இரண்டு இருக்கும்: மின்கம்பியில் ஓடும் ட்ரில் ஒன்று, பேட்டரி ட்ரில் ஒன்று, கான்கிரீட் பிட் ஒவ்வோர் அளவிலும் இரண்டு, ரிவெட் கன், ரிவெட், கருப்பு ஸ்க்ரூ, ஃபிஷர் பிளக், சிலிகான் குழாய், மல்டிமீட்டர், ஒரு எஸ்எம்பிஎஸ், வெட்டிய எழுத்துகளின் இரண்டாவது பிரதி. கடைசியாகச் சொன்னதே பல முறை உதவியிருக்கிறது. அங்கே மாலையில் இறங்கும் மூடுபனியில், துடைத்த கண்ணாடி கூட நொடியில் வியர்த்துவிடும். ஈரத்தின் மேல் ஒட்டிய வினைல் ஓரம் தூக்கும், உரித்தால் கிழியும். ஒட்டும் வேலையைப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடித்துவிடப் பாருங்கள். முடியாதபோது, ஹீட் கன்னால் பரப்பை மெல்லச் சூடாக்கி, ஈரத்தைப் போக்கிவிட்டு ஒட்டுங்கள்.

சோதனை நாள்

மாற்றுக் கருவிகள் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கும்போது மட்டும் வெளிச்சத்தைப் பார்த்தால், அவற்றை வாங்கியதில் பொருளே இல்லை. அவற்றை மாதம் ஒருமுறை ஓட்ட ஒரு நாள் வேண்டும். நான் மின்தடை நாளையே எடுத்துக்கொண்டேன். அன்று வேறு வேலை குறைவு, இன்வெர்ட்டரையும் ஜெனரேட்டரையும் இயக்கியே ஆக வேண்டும், மின்வாரியமே தேதியை முன்கூட்டி அறிவித்து நினைவூட்டியும் விடுகிறது. ஜெனரேட்டரைச் சுமையோடு கால் மணி நேரம் ஓட்டுகிறோம். மாற்றுக் கணினியை இயக்கி, பழைய கோப்பு ஒன்றைத் திறந்து, மாற்றுப் பிளாட்டரில் ‘சேலம்’ என்று வெட்டி உரிக்கிறோம். இருப்பில் உள்ள எஸ்எம்பிஎஸ்களை ஒவ்வொன்றாக இயக்கி, மல்டிமீட்டரில் வோல்ட்டேஜைப் பார்க்கிறோம். பயன்படுத்தாத யூபிஎஸ் இருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதை முழுவதும் சார்ஜ் செய்கிறோம். சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி பிறகு எழாது.

இந்தச் சோதனையை நானே செய்வதில்லை. கடையில் ஆகப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் விட்டுவிடுகிறேன். அவன் என்னிடம் எதையும் கேட்காமல், இயந்திரத்தின் பின்னால் ஒட்டிய தாளை மட்டும் பார்த்து வெட்டி முடிக்க வேண்டும். அவன் எந்த இடத்தில் தடுமாறுகிறானோ, அந்த இடத்தில் அந்தத் தாளில் ஒரு வரி குறைகிறது என்று பொருள். போன மாதம் அவன் உருளை நெம்புகோலை இறக்க மறந்து, தாள் ஏன் நகரவில்லை என்று பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வரியை எழுதி, தாளை மறுபடியும் லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறோம்.